நீராவி இஞ்சினுக்குப் பொட்டு வைத்த கதை

பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அதிகாரி. தரை ஈரமாக இருந்தால் மஞ்சள் பலகையைக் கொண்டுபோய் வைப்பது, தலைக்கவசம் போடாதவர்களை முறைப்பது, தீப்பயிற்சி நாளில் எல்லாரையும் வரிசையாக வெளியே அனுப்பிவிட்டுக் கடைசி ஆளாக வெளியேறுவது, இவைதாம் என் வேலை. கடைசி ஆளாக என்பது விதிமுறைப் புத்தகத்தில் இருப்பது. சென்ற முறை மணி அடித்தபோது வெளி வாசலுக்கு முதல் ஆளாக வந்து சேர்ந்தவன் நான். வழி காலியாக இருக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னேன். கேட்டவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள்.

சம்பளம் வாங்கிக்கொண்டு பயப்படுகிறவன் வீட்டில் மட்டும் சும்மா இருப்பானா? வீட்டில் இலவசமாகப் பயப்படுவேன். எனக்குப் பத்து வயதில் ஒரு மகள். அவள் சைக்கிளில் இன்னும் பக்கச் சக்கரங்கள் இருக்கின்றன. நீச்சல் குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டி அவள் போனதில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறும்போது நான் பிடிக்கிற பிடியில், மேலே போய்ச் சேர்வதற்குள் அவள் விரல்கள் வெளுத்துப்போகும். "உங்க பயத்தையெல்லாம் அவ தலையில ஏத்தாதீங்க" என்று என் மனைவி சொல்லாத வாரம் கிடையாது. அவள் மருத்துவமனையில் தாதி. ரத்தத்தைப் பார்த்துப் பழகியவளுக்கு என்ன, பேசுவாள்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் ஒரு நீராவி இஞ்சின் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவனும் நானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகளும் நானும் லோரோங் கூலிட் பழஞ்சாமான் சந்தைக்குப் போயிருந்தோம். நின்றுபோன கடிகாரங்களும் ஒற்றைக் காது போன ஜாடிகளும் பரப்பியிருந்த ஒரு தார்ப்பாயின் ஓரத்தில், பச்சைச் சாயம் உரிந்து, பித்தளை கறுத்து, முழங்கை நீளத்தில் ஒரு ரயில் இஞ்சின் கிடந்தது. கடைக்கார மலாய்க்காரர் அதை எடுத்து என் கையில் வைத்து, டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் அழகாக இருக்கும் என்றார். நல்ல கனம். இருந்த இடத்தில் இருக்கும் பொருள்கள்மீது எனக்கு எப்போதும் ஒரு மதிப்பு உண்டு. வாங்கிவிட்டேன்.

திரும்பி வரும்போது காரின் பின்னிருக்கையில் மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இதுல தண்ணி ஊத்துற ஓட்டை இருக்கு."

"ம்."

"அடியில குட்டி ஸ்பிரிட் விளக்கு மாதிரி இருக்குப்பா. திரிகூட இருக்கு."

"ம்ம்."

"இது சும்மா பொம்மை இல்லலா. நெருப்பு வெச்சா உண்மையாவே ஓடும்."

சிவப்பு விளக்கே இல்லாத இடத்தில் காரை நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த இஞ்சின் தன் மூச்சில் ஓட வேண்டும். அதற்குத் தீயை அவள் தன் கையாலேயே வைக்க வேண்டும். எனக்கு வேண்டியதும் ஒன்றே ஒன்று. அது நடக்கக் கூடாது.

நேராக மறுத்தால் மனைவி விடமாட்டாள். எனவே தொழிற்சாலைத் தந்திரத்தை எடுத்தேன். அங்கே ஒரு யோசனையைச் சத்தமில்லாமல் கொல்ல வேண்டுமென்றால், அதைப் பற்றி முழு அறிக்கை கேட்போம். "நீராவி ரயில் எப்படி ஆரம்பிச்சுது, யார் செஞ்சாங்க, என்னென்ன ஆச்சு, எல்லாத்தையும் முதல்ல படி. அப்புறம் பாக்கலாம்" என்றேன். பத்து வயதுப் பிள்ளை இரண்டு பக்கத்தில் சலித்துப்போய்விடும் என்பது என் கணக்கு.

அவள் நூலகத்திலிருந்து ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு வந்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு நான் பாத்திரம் கழுவும்போது, சமையலறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, படித்ததைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். எனக்குத் தப்பிக்க வழியில்லை. கையெல்லாம் சோப்பு நுரை.

இங்கிலாந்தில் சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கத்தான் நீராவி இஞ்சின் முதலில் வந்ததாம். நின்ற இடத்திலேயே நிற்கும் இஞ்சின். அதுவரைக்கும் எனக்கும் ஆட்சேபணை இல்லை. பிறகு ஒரு பொறியாளர் அதற்குச் சக்கரம் வைத்தார். கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் அவருடைய இஞ்சின் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஊர்ச்சாலையில் மேடு ஏறியதாம். சில நாள் கழித்து மறுபடி எடுத்துப் போனபோது அது வழியில் மக்கர் செய்ய, ஒரு கொட்டகைக்குள் தள்ளி நிறுத்திவிட்டு எல்லாரும் விடுதிக்கு வாத்துக்கறி சாப்பிடப் போய்விட்டார்கள்.

"நெருப்ப அணைக்க மறந்துட்டாங்கப்பா. தண்ணியெல்லாம் வத்திப்போயி, இஞ்சினும் எரிஞ்சு, கொட்டகையும் எரிஞ்சுபோச்சு."

கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. "பாத்தியா? கொஞ்ச நேரம் கவனிக்காம விட்டா என்ன ஆகுதுன்னு பாத்தியா?"

"அவங்களுக்குப் பசிச்சிருக்கும்பா" என்றாள். "குளிர்ல அவ்வளவு கனத்தத் தள்ளியிருப்பாங்க இல்ல?"

எரிந்துபோன கொட்டகையைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு அந்த ஆட்களின் வயிறு தெரிந்தது.

இன்னொரு நாள் இஞ்சின்களுக்குள் நடந்த போட்டியைப் பற்றிச் சொன்னாள். எது வேகமானது, எது பழுதாகாமல் ஓடும் என்று பார்க்க நடத்திய போட்டி. அதில் ஒருவர் நீராவியே வேண்டாம் என்று, வண்டிக்குள் குதிரையை ஏற்றி, அது உருளும் பட்டைமேல் நடக்க நடக்கச் சக்கரம் சுழலும்படி செய்துகொண்டு வந்திருக்கிறார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. எப்பேர்ப்பட்ட நிதானமான மனிதர்! குதிரை வெடித்ததாக எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

"குதிரை பலகைய உடைச்சிக்கிட்டுக் கீழ போயிருச்சாம்பா."

"ஐயோ."

"அதுக்கு அடிபட்டுச்சான்னு புத்தகத்துல போடல. போட்டிருக்கணும்."

அதற்காக அவள் இரண்டு நாள் அந்தப் புத்தகத்தோடு கோபமாக இருந்தாள். மூன்றாம் நாள் வேறொரு கோபம். "இதுல எல்லாரும் உயரமா தொப்பி போட்டுக்கிட்டு இஞ்சின் பக்கத்துல நிக்கிறாங்க. தண்டவாளம் போட்டவங்க படமே இல்ல. நம்ம நாட்டுல யாருப்பா போட்டாங்க?"

"நம்ம ஆளுங்க நிறைய பேரு."

"வெயில்லயா?"

"வெயில்லதான். காட்டுல, சேத்துல, கொசுக்கடியில. காய்ச்சல்ல செத்தும் போனாங்க."

அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். கழுவிய கரண்டியையே மறுபடி கழுவினேன்.

கடைசியாக வந்தது பாய்லர் கதை. பாய்லரின் மேல் ஒரு சின்ன வால்வு இருக்குமாம். உள்ளே நீராவி அளவுக்கு மீறினால் அது தானாகத் திறந்து வெளியே விட்டுவிடும். அமெரிக்காவில் ஓர் இஞ்சினில் அது ஓயாமல் உஸ்ஸென்று கத்திக்கொண்டிருந்திருக்கிறது. தீ போடுகிற ஆள் இரைச்சல் பொறுக்காமல் அதை அழுத்தி அடைத்துவிட்டார்.

"பாய்லர் வெடிச்சு அவரு செத்துட்டாருப்பா."

குழாயை மூடினேன். பாதுகாப்புச் சாதனத்தைத் தடுப்பது எப்பேர்ப்பட்ட குற்றம், அப்படிச் செய்கிறவனை எங்கள் தொழிற்சாலையில் என்ன செய்வோம், மனிதனுக்கு அறிவென்று ஒன்று எதற்காக இருக்கிறது என்று, கையில் நுரை சொட்டச் சொட்ட, ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்.

அவள் பொறுமையாகக் கேட்டு முடித்தாள். "அது எதுக்கு இருக்குன்னு அவருக்கு யாரும் சொல்லலபோலப்பா. சொல்லியிருந்தா அடைச்சிருப்பாரா?" பிறகு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "முடிச்சுட்டேன். இப்ப ஓட்டலாமா?"

எனக்குச் சாக்கு தீர்ந்துபோனது. ஸ்பிரிட் எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை என்றேன். மறுநாள் மனைவி வேலை முடிந்து வரும் வழியில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மழைக்காலம் என்றேன். வெயில் கொளுத்தியது.

"அவ்ளோ பயமா இருந்தா கோயிலுக்கு எடுத்துட்டுப் போயி ஒரு பூஜை போட்டுட்டு வாங்களேன்" என்றாள் மனைவி. "புதுக் காடிக்குப் போடுறோம்ல?"

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். நான் அப்படியே பிடித்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் புதுக் கார் எடுத்தால், வீட்டுக்கு வருமுன் அது கோயிலுக்குப் போகும். மாலை, சந்தனம், குங்குமம், கற்பூரம் எல்லாம் அதற்கு உண்டு. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டுதான் முதல் ஓட்டம். அந்த வரிசையில் இந்த இஞ்சினையும் கொண்டுபோய் அம்மன் சன்னிதிக்கு வெளியே, ஒரு புத்தம்புதிய கறுப்புக் காருக்குப் பின்னால் வைத்தோம். காருக்குச் சொந்தக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

ஐயர் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் இளைஞர். குனிந்து பார்த்தார். "என்னண்ணே, ரயிலே வாங்கிட்டீங்களா? நம்பர் பிளேட் காணோம்?"

"தண்டவாளத்துக்கு இன்னும் லோன் கிடைக்கல, ஐயரே."

எலுமிச்சம்பழம் இஞ்சினின் சக்கரத்தைவிடப் பெரிதாக இருந்தது. மகள் அதற்கும் தயாராக வந்திருந்தாள். மீ கோரேங் நூடுல்ஸில் பிழிந்துகொள்ளும் குட்டி எலுமிச்சையான லீமாவ் கஸ்தூரிப் பழங்களைப் பையிலிருந்து எடுத்துச் சக்கரங்களுக்கு முன்னால் வைத்தாள். ஐயர் இஞ்சினின் நெற்றியில் அளவாக ஒரு பொட்டு வைத்து, ஒரு துண்டு மல்லிகைச் சரத்தைச் சுற்றி, கற்பூரத்தை அருகில் கொண்டுவந்தார். நான் தூணுக்குப் பின்னால் போனேன்.

"பயப்படாதீங்கண்ணே, கற்பூரம்தான்."

எல்லாம் முடிந்து ஐயர் அடுத்த காருக்குப் போன பிறகு எனக்கு ஒரு குறை உறுத்தியது. இவ்வளவு ஆபத்தான ஒரு பொருளுக்கு இத்தனை சின்னப் பொட்டு போதுமா? இஞ்சினின் முதுகில், உச்சந்தலை மாதிரி, ஒரு சின்னப் பித்தளைக் குமிழ் நீட்டிக்கொண்டிருந்தது. தட்டிலிருந்த சந்தனத்தை இரண்டு விரலால் வழித்து அந்தக் குமிழை மெழுகி, அதன்மேல் குங்குமத்தையும் அப்பினேன். 'இது வெடிக்காமல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் தாயே' என்று ஆத்தாளிடம் மனதாரக் கேட்டுக்கொண்டேன். ஆத்தாள் அப்போது என்னைப் பார்த்து என்ன நினைத்தாளோ.

அடுத்து வந்த விடுமுறை நாள் காலை, எங்கள் தரைவீட்டின் கார் நிறுத்துமிடத்தில் ஓட்டம் ஏற்பாடானது. காரை வெளியே தெருவில் விட்டேன். இரண்டு வாளித் தண்ணீர், நனைத்த சாக்கு, தீயணைப்புக் குப்பி எல்லாம் வரிசையாக நின்றன. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழித்து, அதற்கு அப்பால் யாரும் போகக் கூடாது என்றேன். தீப்பெட்டியை என் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் போட்டுக்கொண்டேன்.

"பக்கத்து வீட்டுக்காரங்க நாம பாம் வெக்கப்போறோம்னு நெனச்சிக்கப்போறாங்க" என்றாள் மனைவி, கதவில் சாய்ந்தபடி.

மகள் எதையும் காதில் வாங்கவில்லை. உருளைக்கு ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விட்டாள். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, மேலே கொஞ்சம் இடம் விட்டு நிறுத்தினாள். பிறகு அந்தப் பித்தளைக் குமிழை இரண்டு விரலால் பிடித்து மேலே இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள்.

"என்னம்மா பண்ற?"

"வால்வுப்பா. ஒவ்வொரு தடவையும் தீ வெக்கிறதுக்கு முன்னாடி இழுத்துப் பாக்கணும்னு போட்டிருந்துச்சு. இது ஒட்டிக்கிட்டிருக்கு." நகத்தால் சுரண்டினாள். மஞ்சளும் சிவப்புமாகப் பொடி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தாள். "சந்தனம்."

"ஐயர் வெச்சிருப்பாரு" என்றேன் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல். "இளவயசுப் பிள்ளை, விவரம் பத்தாது."

மனைவி கைபேசியை எடுத்துத் தேடி என் முன்னால் நீட்டினாள். அன்று கோயிலில் எடுத்த படம். நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு விரலால் குமிழை மெழுகிக்கொண்டு, உலகத்தையே காப்பாற்றுகிற முகத்தோடு நான்.

"பாதுகாப்பு அதிகாரி" என்றாள்.

பூச்சட்டி ஓரத்தில் உட்கார்ந்தேன். மகள் இழுத்துப் பார்க்காமல் இருந்திருந்தால் என்று ஒரு படம் கண்முன் ஓடியது. அதில் எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. முழங்கை நீளப் பொம்மைக்கு அவ்வளவு சக்தி கிடையாது என்று இப்போது தெரியும். அப்போது ஹெல்மெட்டுக்குள் என் மூச்சே எனக்கு இடியாகக் கேட்டது.

"போதும்மா. இதெல்லாம் நமக்கு வேண்டாம். டிவி பக்கத்துலயே வெச்சிருவோம்."

அவள் அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். இஞ்சினைச் சற்று நேரம் பார்த்தாள்.

"சரிப்பா."

துணியை எடுத்து அதைச் சுற்ற ஆரம்பித்தாள். அந்தச் 'சரிப்பா' எனக்குப் பழக்கமானது. சைக்கிளுக்கு வந்தது, நீச்சல் குளத்துக்கு வந்தது. நல்ல பிள்ளை, சொன்னால் கேட்டுக்கொள்ளும் என்று வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அன்றைக்குத்தான் அது காதில் வேறு மாதிரி விழுந்தது. சரியாகச் செய்தவள் அவள்; மூட்டை கட்டுகிறவளும் அவள்.

"பல்லுக்குச்சி எடுத்துட்டு வா" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள்.

"சந்தனத்த எடுக்க வேணாமா? வெந்நியும் கொஞ்சம் எடுத்துட்டு வா."

ஓடினாள். இருவரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து குமிழின் இடுக்கெல்லாம் சுரண்டினோம். நான் ஒவ்வொரு பொட்டுப் பொடியாக எடுத்தேன், அவள் ஊதினாள். பிறகு இழுத்தாள். உள்ளே சுருள்கம்பி அசைந்து டிக்கென்று திரும்பி உட்கார்ந்தது.

"நீங்களும் இழுத்துப் பாருங்கப்பா. அப்பதான் உங்களுக்கு நம்பிக்கை வரும்."

இழுத்துப் பார்த்தேன். டிக். வந்தது, கொஞ்சம்.

சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றித் தீப்பெட்டியைக் கொடுத்தேன். அவள் ஒரு குச்சியை எடுத்து உரசினாள். ஒடிந்தது. அடுத்ததும் ஒடிந்தது. அப்போதுதான் பார்த்தேன், அவள் கை நடுங்கியது. தீப்பயிற்சி மணி அடிக்கும்போது என் கை நடுங்குமே, அச்சாக அதே நடுக்கம். முழங்கையிலிருந்து கிளம்பி விரலுக்கு வருவது. கண், மூக்கு எல்லாம் அம்மா மாதிரி. இது மட்டும் என் சொத்து.

"அப்பா, நீங்க வெக்கிறீங்களா?"

இத்தனை நாளாக நான் காத்திருந்த வார்த்தை அதுதான். கை பாதி தூரம் போய்விட்டது. கதவோரம் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கை இத விட மோசமா நடுங்கும்மா" என்றேன். "ரெண்டுல உன் கை தேவலாம். நீயே வை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கோட்டைத் தாண்டி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இன்னொரு குச்சியை உரசினாள். பற்றிக்கொண்டது. குனிந்து திரியில் வைத்தாள். வெயிலில் சுடர் கண்ணுக்கே தெரியவில்லை.

ரொம்ப நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு உள்ளே முணுமுணுவென்று ஒரு பேச்சு. வால்வின் ஓரத்தில் நூல்போல ஆவி கிளம்பி உஸ்ஸென்றது. நான் பின்னால் நகர்ந்ததை மறைக்கவில்லை.

"அது நல்லதுப்பா. வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

விரலால் சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளினாள். இஞ்சின் தும்மியது, என் கால்மேல் சுடுதண்ணீரைத் துப்பியது, கிளம்பிவிட்டது. முன்சக்கரங்கள் கொஞ்சம் வளைந்திருந்ததால் நேராகப் போகவில்லை. நெற்றியில் பொட்டோடு எங்கள் இருவரையும் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டது. அவள் எழுந்து அதன்பின்னால் நடந்தாள். அது வேகம் பிடிக்க, அவளும் வெறுங்காலோடு ஓடினாள். "ஓடாத, வழுக்கும்!" என்று பழக்கதோஷத்தில் கத்தினேன். அவள் காதில் விழவில்லை. வாயைத் திறந்து என்னவோ கத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். வார்த்தையே இல்லாத சத்தம். நான் உட்கார்ந்த இடத்திலேயே திரும்பித் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்பிரிட் தீர்ந்து அது மெல்ல நின்றபோது, மூச்சிரைக்க வந்து அதனருகில் குந்தினாள்.

"தண்ணி ஊத்தணும்" என்றாள். அனுமதி கேட்கிற குரல் இல்லை அது.

"முதல்ல ஆறட்டும்" என்றேன்.

"தெரியும்பா. ஆறின பிறகுதான்."

தீப்பெட்டி எனக்கும் அவளுக்கும் நடுவில் தரையில் கிடந்தது. அதை எடுத்து அவள் பக்கம் வைத்தேன். வைத்துவிட்டு, அதன்மேலிருந்து என் கையை எடுக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.